அறுவை எந்திரமும் போதும் என்ற எல்லையும்

மரத்தடியைப் பலகையாக்கும் வேலை நெடுங்காலம் ஆலைக்கே உரியதாக இருந்தது. காட்டில் வீழ்த்திய மரத்தை ஆற்றில் மிதக்கவிட்டோ வண்டியில் ஏற்றியோ ஆலைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும், அங்கே ஆலைக்காரர் சொல்லும் அளவுக்கும் விலைக்கும் உடன்பட வேண்டும் என்பதே மரம் வளர்த்தவருக்கு வாய்த்த நிலை. 1982இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் தொடங்கப்பட்ட உட்-மைசர் நிறுவனமும் அதன் பின்வந்த பிற நிறுவனங்களும், வண்டியின் பின்னால் பூட்டி இழுத்துச்செல்லத்தக்க பட்டை ரம்ப எந்திரங்களைப் பரவலாக்கிய பிறகு, ஆலையே மரம் கிடக்கும் இடத்துக்கு வரலாயிற்று. பட்டை ரம்பம் என்பது இரண்டு சக்கரங்களின் மேல் ஓயாமல் சுழலும், ஒரு விளிம்பில் மட்டும் பல் வெட்டிய மெல்லிய எஃகு வளையமாகும். தடி படுக்கையில் அசையாமல் கிடக்க, ரம்பத்தைத் தாங்கிய தலைப்பகுதி தண்டவாளத்தின் மீது நகர்ந்து பலகை பலகையாக அறுத்துச் செல்லும்.

இதை வாங்க எண்ணும் குடும்பம் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, எந்திரம் சொந்தத் தேவைக்கா, தொழிலுக்கா, இரண்டுக்குமா என்பதாகும். விற்பனையாளர்கள் இதைக் குதிரைத்திறன், படுக்கையின் நீளம், ஏற்கும் தடியின் விட்டம் ஆகியவை பற்றிய கேள்வியாக மாற்றிக் கொடுக்கிறார்கள், அவையும் கருதத்தக்கவையே. ஆயினும் அவற்றுக்கு அடியில், மெய்யியலும் சமயங்களும் நெடுங்காலமாக வாதித்துவரும் கேள்வி ஒன்று கிடக்கிறது. ஒரு கருவிக்கு இயல்பாகவே எல்லை உண்டா, இல்லையெனில் அந்த எல்லையை வகுக்கும் உரிமையும் கடமையும் யாருக்கு என்பதே அது.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் தம் 'அரசியல்' நூலின் முதற்பகுதியில் இதற்குத் திட்டமான விடை ஒன்றைத் தந்தார். எந்தக் கலையின் கருவியும் எண்ணிக்கையிலோ பருமனிலோ வரம்பற்றதாக இருப்பதில்லை என்றும், இல்லறத்துக்கு வேண்டிய செல்வம் அத்தகைய கருவிகளின் தொகுப்பே ஆதலால் அதற்கும் வரம்பு உண்டு என்றும் அவர் வாதிட்டார். அடுத்து, செருப்பைக் காலில் அணிவதும் அதை விற்பதும் செருப்பின் இரு பயன்களே எனினும், அது விற்பதற்கென்று தோன்றிய பொருளன்று எனக் காட்டி, இல்லத்தை நடத்தும் கலையையும் பணம் ஈட்டும் கலையையும் பிரித்தார். முன்னதற்குத் தேவை என்ற கரை உண்டு, பின்னதற்குக் கரையே இல்லை. இவற்றுக்கு நடுவே அவர் விட்டுவைத்த இடம் ஒன்றும் உண்டு. மிகுந்த திராட்சை மதுவைக் கொடுத்துக் குறைந்த தானியத்தைப் பெறுவது போன்ற மாற்று, தன்னிறைவைச் செம்மைப்படுத்துவதால் இயற்கைக்கு மாறானதன்று என்பது அவர் முடிவு.

இந்த வாதத்தை அறுவை எந்திரத்தின் மேல் வைத்துப் பார்க்கும்போது எதிர்பாராத இடர் ஒன்று தோன்றுகிறது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஒரு குடும்பத்துக்கு 20 ஏக்கர் வன்மரக் காடு, அதாவது ஓக், மேப்பிள் போன்ற அகன்ற இலை மரங்களின் காடு, இருப்பதாகக் கொள்ளலாம். அந்நாட்டில் அறுத்த மரத்தைப் பலகை அடியால் அளக்கிறார்கள். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓர் அங்குலத் தடிப்பு கொண்டது ஒரு பலகை அடி, அத்தகைய 12 சேர்ந்தால் தமிழ்நாட்டு மரக்கடைகளில் வழங்கும் ஒரு கன அடி. ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு 150 பலகை அடி அளவுக்கு அறுக்கத்தக்க மரம் புதிதாக விளைகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தக் காடு ஆண்டுக்குத் தருவது 3,000 பலகை அடி. கையால் தள்ளி இயக்கும் எளிய எந்திரத்தைக் கொண்டே பழகிய இருவர் ஒரு நாளில் 500 பலகை அடி அறுத்துவிடலாம். எனவே காட்டின் ஓராண்டு விளைச்சலுக்கு அந்த எந்திரம் எடுத்துக்கொள்ளும் காலம் ஆறு நாள். எஞ்சிய நாட்களில் எந்திரம் கொட்டகையில் நிற்க வேண்டும், அல்லது பிறர் மரத்தைத் தேடிப் போக வேண்டும், அல்லது காட்டின் வளர்ச்சியைத் தாண்டி அதன் முதலையே தின்னத் தொடங்க வேண்டும். கருவியின் அளவே தேவையின் எல்லையைக் காட்டும் என்று அரிஸ்டாட்டில் நம்பியது கைவாளுக்கும் கோடரிக்கும் பொருந்தியிருக்கலாம்; சந்தையில் கிடைக்கும் மிகச் சிறிய பட்டை ரம்ப எந்திரமும் ஓர் இல்லத்தின் தேவையை விடப் பெரிது. ஆகவே எல்லை கருவிக்குள்ளிருந்து வருவதில்லை, வெளியிலிருந்து யாரேனும் வகுத்தாக வேண்டும்.

எந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள நுட்பங்கள் இந்த இடத்தில்தான் பொருள் பெறுகின்றன. கையால் இயக்கும் எந்திரத்தில் ஒரு முகம் அறுத்து முடிந்ததும், நீண்ட மரக்காம்பின் முனையில் இரும்புக் கொக்கி பொருத்திய நெம்புகோலால் தடியைப் பற்றிப் புரட்ட வேண்டும். ஈரம் வடியாத பெரிய ஓக் தடி ஒன்று அரை டன்னுக்கு மேல் எடை இருக்கலாம், மூன்று நான்கு முறை புரட்டியதும் தோளும் இடுப்பும் தம் கணக்கைச் சொல்லத் தொடங்கும், பல் மழுங்கிய ரம்பம் பலகையின் முகத்தில் அலையலையாகத் தடம் விடும்போது நிறுத்திவிட்டு ரம்பத்தை மாற்றியாக வேண்டும். இந்த வேலையில் மனித உடலே ஓர் அளவுகோலாக நிற்கிறது. ஹைட்ராலிக் எந்திரத்திலோ, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் இரும்புக் கைகள் தடியை ஏற்றவும் புரட்டவும் பிடிக்கவும் செய்வதால், ஒருவரே ஒரு நாளில் பன்மடங்கு அறுக்க முடிகிறது. அதன் விலையும் பன்மடங்காக இருப்பதால் பெரும்பாலும் கடனில் வாங்கப்படுகிறது, கடன் மாதந்தோறும் தவணை கேட்பதால் தவணைக்கு ஈடாகத் தடிகள் வந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. முதல் எந்திரம் களைப்பால் நிற்கிறது, இரண்டாவது நிற்க முடியாமல் ஓடுகிறது. முதுகு நொந்தவருக்கும் முதியவருக்கும் ஹைட்ராலிக் எந்திரம் அருளிய விடுதலையை மறுப்பது அறமாகாது. ஆனால் உடல் வகுத்த எல்லையை நீக்கியவர் அதனிடத்தில் வேறொன்றை வைக்கக் கடமைப்பட்டவராகிறார்.

பட்டை ரம்பத்துக்கு அதற்கே உரிய ஒரு நற்குணம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ரம்பம் செல்லும் வழியில் தூளாகிப் போகும் மரத்தின் தடிப்பை அறுப்புத்தடம் எனலாம். வட்ட ரம்பத்தில் அது ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மேல், சங்கிலி ரம்பத்தில் இன்னும் கூடுதல், மெல்லிய பட்டை ரம்பத்தில் 2 மில்லிமீட்டர் அளவே. ஒரே தடியில் பத்து வெட்டுகள் விழுந்தால் வட்ட ரம்பம் 6 சென்டிமீட்டரைத் தூளாக்குகிறது, பட்டை ரம்பம் 2 சென்டிமீட்டரை. மிஞ்சும் 4 சென்டிமீட்டரில் ஓர் அங்குலப் பலகை ஒன்றும் அதற்கு மேல் பாதியும் அடங்கும். எண்பதாண்டு வளர்ந்த மரத்திலிருந்து அந்த அளவு வீணாகாமல் காப்பது வெறும் சிக்கனம் மட்டுமன்று, வெட்டப்பட்ட உயிருக்குச் செய்யும் மரியாதையும் ஆகும்.

இந்தச் சேமிப்பு யாருக்குச் சேர வேண்டும் என்ற இடத்தில் நீதியின் கேள்வி எழுகிறது. தடியின் சிறுமுனை விட்டத்தையும் நீளத்தையும் கொண்டு அதில் எத்தனை பலகை அடி கிடைக்கும் என்று மதிப்பிடும் சூத்திரங்கள் அமெரிக்காவில் பல உள்ளன. 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய டாயில் அளவை, விட்டத்தின் அங்குலத்திலிருந்து 4ஐக் கழித்து, எஞ்சியதை அதனாலேயே பெருக்கி, அடியில் அளந்த நீளத்தால் பெருக்கி, 16ஆல் வகுக்கச் சொல்கிறது. 1906இல் ஜட்சன் கிளார்க் வகுத்த சர்வதேச அளவை தடி கீழ்நோக்கிப் பருப்பதையும் கணக்கில் கொள்கிறது. 16 அடி நீளமும் 12 அங்குல விட்டமும் உள்ள தடிக்கு டாயில் 64 பலகை அடி என்கிறது, கால் அங்குல அறுப்புத்தடத்துக்கான சர்வதேச அளவை 95 என்கிறது. 8 அங்குலத் தடிக்கு முன்னது 16, பின்னது 40. 28 அங்குலத்தை நெருங்கும்போது வேறுபாடு கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. மெல்லிய தடிகளை டாயில் அளவையில் வாங்கிப் பட்டை ரம்பத்தில் அறுப்பவர், தாம் விலை கொடுத்த மரத்தை விட மிகுதியான மரத்தைப் பெறுகிறார்.

இது வஞ்சனையா? 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் எழுதிய 'சும்மா தியாலஜிக்கா' என்ற கிறித்தவ இறையியல் பெருநூல், வாங்கல் விற்றலில் நிகழும் பிழைகளைப் பொருளின் இனத்தில், அளவில், தரத்தில் என மூன்றாகப் பிரிக்கிறது. குறைந்த அளவையைத் தெரிந்தே பயன்படுத்துவது பாவம் என்றும், தெரியாமல் செய்தது பாவமாகாவிடினும் தெரியவந்தபின் ஈடு செய்தாக வேண்டும் என்றும் அக்குவினாஸ் கூறுகிறார். அதேவேளை, அளவைகள் இடத்துக்கிடம் வேறுபடலாம், அவற்றை வகுப்பது ஆள்வோரின் பொறுப்பு, அவ்வாறு நிலைத்ததை மீறலாகாது எனவும் சேர்த்துச் சொல்கிறார். அவருடைய நெறிப்படி, டாயில் அளவை வழங்கும் ஊரில் அதைக் கொண்டு அளப்பது குற்றமாகாது. ஆனால் நெறியின் உயிர் இரு தரப்பும் அறிந்திருப்பதில் இருக்கிறது. தலைமுறைக்கு ஒருமுறை மரம் விற்கும் விதவையோ முதியவரோ எந்த அளவையில் அளக்கப்படுகிறது என்பதையே அறியாதிருக்கையில், வழக்கத்தின் பின்னால் ஒளிவது அறமாகாது. சொந்த எந்திரம் வைத்திருப்பவர் கூலிக்கு அறுக்கும்போது, வெளிவந்த பலகையை அளந்து அதற்குக் கூலி வாங்குவதோ, செலவான நேரத்துக்கு வாங்குவதோ, பலகையில் பாதியைப் பங்காகப் பெறுவதோ இந்தச் சிக்கலுக்கு அப்பாற்பட்டது. பங்குக்கு அறுக்கும் வழக்கம், அரிஸ்டாட்டில் நடுவே விட்டுவைத்த இயற்கையான மாற்றுக்கு மிக நெருங்கியதும் ஆகும்.

சமண நெறி எல்லையை வேறிடத்தில் வகுத்தது. சமணரில் சுவேதாம்பரப் பிரிவினர் போற்றும் 'உவாசகதசாவோ' என்ற ஆகமம், இல்லறச் சமணர் மேற்கொள்ளலாகாத பதினைந்து பிழைப்புகளைக் கர்மாதானம் என்ற பெயரால் தொகுக்கிறது. கரி சுடுதல், காடு வெட்டுதல், வண்டி செய்தல், எந்திரத்தால் பிழிதல் ஆகியவை அவற்றில் அடங்கும். விலக்கப்பட்டது மரத்தைப் பயன்படுத்துவதன்று, மரம் வெட்டுவதையே வாழ்வாதாரமாகக் கொள்வதாகும். பிழைப்பாகிவிட்டால் கொல்லப்படும் உயிர்களின் தொகைக்கு முடிவே இராது என்பது இதன் உட்கருத்தாகலாம். சொந்தப் பயன், வணிகப் பயன் என்ற பிரிவு இங்கே பொருளியலிலிருந்து உயிர் இரக்கத்துக்கு இடம் பெயர்கிறது. அந்த ஆகமத்தில் வரும் ஆனந்தன் என்ற செல்வர் தம் உடைமைகளை எண்ணி, ஏர் 500, வண்டி இத்தனை, படகு இத்தனை, இதற்கு மேல் கொள்வதில்லை என்று மகாவீரர் முன் விரதம் ஏற்கிறார். 500 ஏர் என்பது எளிய வாழ்க்கையன்று. என்றாலும் கருவியை எண்ணி வரம்பிடுவது, செல்வம் பெருகிக்கொண்டிருக்கும்போதே வரம்பிடுவது, அதை இன்னொருவர் முன்னிலையில் செய்வது ஆகிய மூன்றும் சேர்ந்ததால் அந்த விரதம் வெறும் நல்லெண்ணத்தை விட உறுதியானது. இந்த நெறியின் குறை, காடு வெட்டும் வினையைப் பிறருக்கு விட்டுவிட்டு அவர்கள் அறுத்த பலகையில் வீடு கட்ட இடம் தருவதில் இருக்கிறது. பலகை வேண்டியிருக்கும்வரை யாரோ ஒருவர் அறுத்தே தீர வேண்டும்.

தனிமனிதர் விரதத்துக்கு மாறாக, எல்லையை ஒரு சபையே கூடி வகுக்கும் முறையை வட அமெரிக்காவின் ஆமிஷ் மக்களிடம் காணலாம். 1693இல் ஜேக்கப் அம்மான் தலைமையில் பிரிந்த இந்தக் கிறித்தவர்கள் இன்று பென்சில்வேனியா, ஒகையோ, இண்டியானா மாநிலங்களில் மிகுதியாக வாழ்கிறார்கள். ஏறத்தாழ 20 முதல் 40 குடும்பங்கள் கொண்ட ஒவ்வொரு சபையும் 'ஆர்ட்னுங்' எனப்படும், பெரும்பாலும் எழுதப்படாத ஒழுங்குமுறையின்படி நடக்கிறது. ஆண்டுக்கு இருமுறை, திருவிருந்துக்கு முன் கூடி, அதை உறுதிசெய்கிறார்கள். புதிய எந்திரம் ஒன்று வரும்போது அது பாவமா என்று அவர்கள் கேட்பதில்லை; அது அண்டை வீட்டாரை ஒருவருக்கொருவர் தேவையற்றவராக்குமா, ஒருவரை மற்றவரினும் பெரியவராகக் காட்டுமா, தந்தையை இல்லத்திலிருந்து பிரிக்குமா என்றே கேட்கிறார்கள். வீடுகளுக்கு மின்கம்பியிலிருந்து இணைப்பு எடுப்பதை மறுத்தவர்களே பட்டறையில் டீசல் எந்திரம் ஓடவும், அதனால் எண்ணெய் அழுத்தமும் காற்றழுத்தமும் உண்டாக்கிக் கருவிகளை இயக்கவும் பல இடங்களில் இசைந்தனர். வெளியார் இதை முரண்பாடு என்பர். கம்பி வீட்டுக்குள் வந்தால் அதன்வழி எது வரும் என்பதைக் கட்டுப்படுத்த முடியாது, பட்டறையின் எந்திரமோ பட்டறையிலேயே நிற்கும் என்று பார்த்தால் அதில் ஆழ்ந்த பொருத்தம் உண்டு. விளைநிலத்தின் விலை உயர்ந்து மக்கள்தொகையும் பெருகியபோது, மர அறுவையும் சரக்குத் தட்டு செய்யும் தொழிலும் உழவுக்கு அடுத்த பிழைப்பாக அவர்களிடம் வேரூன்றின. டொனால்ட் கிரேபில், ஸ்டீவன் நோல்ட் ஆகிய ஆய்வாளர்கள் 'ஆமிஷ் என்டர்பிரைஸ்' நூலில் காட்டியபடி, தொழில் மிகப் பெரிதாகும்போது சபையின் அதிருப்தி அதன்மேல் விழுகிறது. எந்திரத்தின் திறனுக்கும் உரிமையாளரின் ஆசைக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு குரல் பேசுவது இங்கேதான். மேலே கண்ட விடைகளுள் இதுவே வலியது என்று கொள்ளத் தோன்றுகிறது.

ஆனால் இந்த விடைக்கும் ஒரு விலை உண்டு. ஆமிஷ் மக்கள் 14 வயதுச் சிறுவர்களைக் குடும்ப அறுவை ஆலைகளில் வேலைக்கு வைத்துக்கொள்வது நாட்டின் தொழிலாளர் சட்டத்தோடு மோதியது. 2004இல் அமெரிக்க நாடாளுமன்றம், இத்தகைய சமயக் குழுக்களின் 14 முதல் 17 வயது வரையுள்ளோர் மரப்பட்டறைகளில் பெரியவர் மேற்பார்வையில் வேலை செய்யலாம், ஆயினும் எந்திர விசையால் ஓடும் மரவேலைக் கருவிகளை இயக்கலாகாது என்று விலக்களித்தது. தொழிலைப் பிள்ளை தந்தையின் அருகிலிருந்து கற்பது கல்வியே என்ற ஆமிஷ் வாதத்தில் உண்மை இருக்கிறது. ஓடும் ரம்பத்தின் அருகே நிற்கும் சிறுவனின் உடலுக்காகப் பேசும் சட்டத்திலும் உண்மை இருக்கிறது. அடிமையை உயிருள்ள கருவி என்று அழைத்து அடிமைமுறையை நியாயப்படுத்தியதும் கருவிக்கு எல்லை சொன்ன அதே அரிஸ்டாட்டில்தான் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். எந்தச் சமூகம் எல்லை வகுத்தாலும், அந்த எல்லைக்குள் மனிதர் கருவியாகிவிடாதபடி வெளியிலிருந்து ஒரு கண் பார்த்துக்கொண்டிருப்பது தேவையாகவே இருக்கிறது.

1892இல் தஞ்சாவூரில் பிறந்த பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பா, சிறையில் எழுதி 1945இல் வெளியிட்ட நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில், இந்த விவாதத்துக்கு இன்றியமையாத ஒரு கருத்தைச் சேர்த்திருக்கிறார். நிலக்கரி, பெட்ரோலியம் போன்ற எடுக்க எடுக்கக் குறையும் இருப்புகளையும், மரம், பயிர் போன்ற மீண்டும் மீண்டும் விளையும் ஓட்டங்களையும் அவர் பிரித்துக் காட்டி, இருப்பை நம்பிய வாழ்வு போட்டிக்கும் வன்முறைக்கும் இட்டுச்செல்லும் என எச்சரித்தார். அவர் பிரிவை மேற்கண்ட கணக்கோடு பொருத்தினால், ஒரே காடு இரண்டு வகையிலும் அடங்கக்கூடும் என்பது புலனாகும்: ஆண்டுக்கு 3,000 பலகை அடிக்கு உட்பட்டு எடுக்கும்வரை அது ஓட்டம், அதைத் தாண்டினால் அதே மரங்கள் சுரங்கத்து நிலக்கரியைப் போன்ற இருப்பு. கையில் எது இருக்கிறது என்பதை மரத்தின் இயல்பு தீர்மானிப்பதில்லை, எந்திரத்துக்கு எவ்வளவு உணவு வேண்டியிருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. ஆதலால் எந்திரத்தை வாங்கும் முன் நிறுவனத்தின் விவரப் புத்தகத்தைப் படிப்பதற்கு முன்னதாகவே காட்டை அளக்க வேண்டும். தன் காடு ஆண்டுக்கு எவ்வளவு வளர்கிறது, அண்டை அயலில் காற்றிலும் நோயிலும் விழும் மரம் எவ்வளவு, இவ்விரண்டுக்கும் மேல் எந்திரம் கேட்குமா என்பதே முதற்கணக்கு.

அந்த அயல் மரமே சிறு எந்திரத்தின் வணிகத்துக்கு மிகத் தூய்மையான இடம். கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த மரகத நிறத் துளைவண்டு 2002இல் மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்டது. அது முதல் கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் பட்டைக்குள் புழு குடைந்து நின்றவாறே மடிந்தன. வண்டு பரவாதிருக்க, அது கண்டறியப்பட்ட பகுதியிலிருந்து தடிகளை வெளியே கொண்டுசெல்வது நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்ததால், தொலைவிலுள்ள ஆலைக்குப் போக முடியாத மரத்தைத் தேடி எந்திரம் போக முடிந்தது. விறகாகவோ குப்பையாகவோ போயிருக்க வேண்டிய மரம், அதை நட்டவர் வீட்டு மேசையாகவும் தரைப்பலகையாகவும் ஆயிற்று. உயிரோடிருக்கும் மரம் ஒன்றையும் வீழ்த்தாமல் கூலி ஈட்டும் இந்தத் தொழிலை, காடு வெட்டுதலை விலக்கிய சமண ஆசிரியர்கள் எவ்வாறு மதித்திருப்பார்கள் என்பது உண்மையாகவே சிந்திக்கத்தக்கது. ஆனால் மடிந்த ஆஷ் நெடுநாள் நிற்பதில்லை. சில ஆண்டுகளில் உளுத்து விழுகிறது, ஒரு வட்டாரத்தில் அந்த வேலை அத்தோடு தீர்ந்துவிடுகிறது. விலை முழுவதும் கட்டித் தீர்த்த கை எந்திரத்தின் உரிமையாளர் அப்போது ரம்பத்துக்கு எண்ணெய் தடவிக் கொட்டகையில் நிறுத்திவிடலாம். தவணை எஞ்சியிருக்கும் ஹைட்ராலிக் எந்திரத்தின் உரிமையாளரோ, அடுத்த மாதத் தடிகளுக்காக நலமாக நிற்கும் ஓக் மரங்களின் சொந்தக்காரரிடம் போய் விலை பேச வேண்டியிருக்கும்.